ஒப்புக்குச் சப்பாணி

டொரொன்டோவில் வாழும் வாசகர் ஒருவர் சென்ற வாரம் நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் சேர்ந்துள்ள கோல்ஃப் கழகத்தில் ஆண்டுக்கொரு முறை ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் ஓர் அணியாகவும் முப்பத்தைந்துக்கு உட்பட்டவர்கள் மற்றோர் அணியாகவும் மோதுவார்களாம். பரிசு ஒரு மரக்கேடயம். தோற்ற அணி இராவுணவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை கிழவர்களே வென்றார்கள் என்று எழுதிவிட்டு, "நமது வெலிமடைப் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா, ஐயா?" என்று கேட்டு முடித்திருந்தார். அவருக்குத் தனிமடலில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது விடயம் இரண்டு வரியில் அடங்குவதாக இல்லை.

முதலில் நேரான பதில். வெலிமடையில் கோல்ஃப் திடல் கிடையாது. அங்கே இருப்பவை உருளைக்கிழங்குப் பாத்திகளும், கோவா, கரட், போஞ்சி பயிரிடும் படிக்கட்டு வயல்களும், அவற்றுக்கு மேலே தேயிலையும்தான். கோல்ஃப் பந்தைக் கண்ணால் காண வேண்டுமாயின் கெப்பெட்டிபொல, ஹக்கலை வழியாக மலையேறி நுவரெலியாவுக்குப் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், நகரத்தின் நடுவிலேயே, 18 குழிகள் கொண்ட அந்தத் திடல் 1889ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கொழும்பில் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1879இல், கழகம் தொடங்கிவிட்டார்கள். கொழும்புத் திடலின் ஊடாகக் களனிவெளி ரயில்பாதை செல்கிறது; ரயில் கடந்து போகும்வரை சீமான்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தமிழகத்து அன்பர்களுக்குக் கொடைக்கானலில் 1895இல் ஏற்பட்ட திடல் நினைவுக்கு வரலாம். மலைக்குக் குளிர்காய்ந்து பழக்கப்பட்ட வெள்ளையர்கள், மலையைக் கண்ட இடத்திலெல்லாம் முதலில் தேடியது சமதரையைத்தான். இந்தச் சமதரைக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

டொரொன்டோ வாசகரின் கழகத்தில் அறுபது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுக்காரரை வெல்ல முடிகிறதென்றால் அதற்கு மந்திரம் ஏதுமில்லை. ஹேண்டிகேப் என்ற ஏற்பாடே காரணம். கோல்ஃப் அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரர் வழக்கமாக எத்தனை அடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்வார் என்பதை அவருடைய பழைய ஆட்டங்களிலிருந்தே கணக்கிட்டு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். 2020இல் உலகம் முழுமைக்கும் ஒரே முறை வந்தது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியே அதற்கு அடிப்படை. எண்ணின் உச்சம் 54. பெரியவருக்கு 18, இளைஞருக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். நேருக்கு நேர் மோதும்போது வித்தியாசம் 12. திடலின் 18 குழிகளையும் கடினத்தின்படி வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். மிகக் கடினமான 12 குழிகளில் பெரியவர் தமது கணக்கிலிருந்து ஒவ்வோர் அடியைக் கழித்துக்கொள்ளலாம். மீதி ஆறில் சலுகையில்லை.

கவனியுங்கள், பெரியவர் வயதானவர் என்பதற்காக எவரும் அவருக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கணக்கு அவர் ஆடிய ஆட்டத்திலிருந்து வந்தது. அவர் திறமையாக ஆடினால் எண் குறையும், சலுகையும் குறையும். ஆகவே இளைஞன் தோற்றால் உண்மையாகவே தோற்கிறான். பெரியவர் வென்றால், "பாவம், கிழவர் வெல்லட்டும் என்று விட்டோம்" என்று எவனும் முதுகுக்குப் பின்னால் சொல்ல முடியாது.

சலுகையே இல்லாத போட்டியிலும் வயது எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்குக் கோல்ஃப் வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு. ஸ்கொட்லாந்தின் டொம் மொரிஸ் 1867இல் ஓபன் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 46. அந்தப் போட்டியில் அவரைவிட மூத்த ஒருவர் இன்றளவும் வென்றதில்லை. அடுத்த ஆண்டு, 1868இல், அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் அவருடைய சொந்த மகன். அவர் பெயரும் டொம் மொரிஸ்தான், வயது 17. இரண்டாமிடம் தந்தைக்கு! அதன்பின் தந்தையும் மகனும் ஒரே அணியில் நின்று பார்க் சகோதரர்களை எதிர்த்துப் பந்தயம் கட்டி ஆடினார்கள். மகன் 1875இல், 24 வயதில், இறந்துபோனார். தந்தை 1908வரை வாழ்ந்தார். முதலாண்டு வென்றவரை மறு ஆண்டு அவர் பிள்ளையே வென்றதும், பின்னர் இருவரும் தோளோடு தோள் நின்றதும் எனக்கு எந்த இறுதியாட்டத்தையும்விடப் பெரிதாகத் தோன்றுகின்றன. நமது காலத்திலும், 2009இல் டொம் வொட்சன் தமது 59ஆவது வயதில் ஓபன் பட்டத்துக்கு ஓர் அடி தூரத்தில் வந்து நின்று, கடைசிக் குழியில் தவறி, கூடுதல் ஆட்டத்தில் ஸ்டுவர்ட் சிங்க்கிடம் தோற்றார். பில் மிக்கெல்சன் 2021இல் 50 வயதில் பெரும்பட்டம் ஒன்றை வென்றே காட்டினார். இலங்கையிலும் நந்தசேன பெரேராவுக்குப் பின் அவர் மகன் மிதுன் பெரேரா தொழில்முறை ஆட்டக்காரராக வந்தார்.

அணிப்போட்டி என்றால் ரைடர் கிண்ணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1927இல் அமெரிக்காவின் வூஸ்டரில் அது முறைப்படி தொடங்கியது. கிண்ணத்தைக் கொடுத்த சாமுவேல் ரைடர் ஒரு விதை வியாபாரி. தோட்டம் போடும் ஏழைகளுக்காக ஒரு பென்னிக்கு ஒரு பொட்டலம் விதை என்று தபாலில் விற்றுப் பணக்காரரானவர். விதைக் கிழங்கு விலையால் வயிறெரியும் வெலிமடை விவசாயிகள் இந்தத் தகவலை இரசிப்பார்கள் என்பதால் இங்கே குறிப்பிட்டேன். மற்றபடி என் வாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இத்தனை நியாயம் பார்க்கும் விளையாட்டு வாசலில் மட்டும் நியாயம் பார்க்கவில்லை. திடலுக்குள் வந்துவிட்டவனுக்கு அடிகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். வெள்ளைத் துரைமார் ஆண்ட காலத்தில் லயத்துப் பையன் அந்த வாசலைத் தாண்டியதெல்லாம் பிறருடைய பையைத் தூக்கிக்கொண்டுதான். பை தூக்குபவருக்குக் கேடி என்று பெயர். தமிழ்நாட்டில் பொலிஸ் பதிவேட்டில் ஏறிய போக்கிரியையும் கேடி என்பார்கள். இரண்டும் வேறு வேறு ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்தவை. ஆனால் உழைப்பவனுக்கும் போக்கிரிக்கும் ஒரே பெயர் அமைந்துபோன தற்செயலை நான் அவ்வளவு எளிதில் மறப்பதாயில்லை. அப்படிப் பை தூக்கியவர்கள் பலர் ஒளிந்து மறைந்து மட்டை பிடிக்கக் கற்றுத் தொழில்முறை ஆட்டக்காரர்களானதும் இந்நாட்டு வரலாறுதான். என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற பெயர்களை இந்தியச் சுற்றுப்போட்டிகளின் புள்ளிப்பட்டியலில் காணும்போது எனக்குள் ஒரு சிறு பெருமிதம் எழுவதை மறைக்க மாட்டேன்.

சரி, கோல்ஃப் இல்லாத வெலிமடைக்கு வருவோம். வாசகர் கேட்டது போன்ற போட்டி நம்மிடம் இல்லையா? இருக்கிறது. தோட்டங்களில் பொங்கலுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ மணமானவர்களும் மணமாகாதவர்களும் இரண்டாகப் பிரிந்து கிரிக்கெட் ஆடுவதும் கயிறிழுப்பதும் அறியாதவர் யார்? பெயர்தான் மணமானவர், மணமாகாதவர். நடைமுறையில் அது மூத்தவர், இளையவர் என்ற பிரிவே. கயிறிழுப்பில் மூத்தவர்களே பெரும்பாலும் வெல்வார்கள். கொழுந்து மூட்டையும் விறகும் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய கால்களுக்கு எங்கே குதிகாலை ஊன்றுவது, எந்த மூச்சில் சேர்ந்து இழுப்பது என்பது தெரியும். கிரிக்கெட்டில் நிலைமை வேறு.

அங்கேதான் நமது மக்கள் தாமாகவே ஒரு ஹேண்டிகேப்பை வகுத்துக்கொண்டார்கள். நான் சிறுவனாகப் பார்த்த ஆட்டங்களில் நாற்பதைக் கடந்தவர் முதல் பந்தில் ஆட்டமிழந்தால் கணக்கில்லை. முழங்கால் வலிக்காரருக்கு ஓடுவதற்கு ஓர் ஆள் தரப்படும். மூத்தவர் அடித்த பந்து தேயிலைக்குள் விழுந்தால் நான்கு ஓட்டம், இளைஞன் அடித்தால் இரண்டு. தேடி எடுத்து வருவதும் இளைஞன் பொறுப்பு. இவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னர் கால் மணி நேரம் சண்டை போட்டுத் தீர்மானிப்பார்கள். அந்தச் சண்டை ஆட்டத்தைவிடச் சுவையானது. துரைமார் கிளப்பில் அச்சடித்த அட்டையில் செய்துகொண்டதை, லயத்து மனிதர்கள் வாய்ப்பேச்சில் செய்துகொண்டார்கள்.

அண்மையில் வெலிமடைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே அந்தப் போட்டி நின்று மூன்று ஆண்டுகளாகிவிட்டன. பதிலாக மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கிறது. பத்துப் பதினைந்து அணிகள், நுழைவுக் கட்டணம், பணப்பரிசு, ஒலிபெருக்கியில் வர்ணனை. நன்றாகவே நடத்துகிறார்கள். "மூத்தவர்களை ஏன் தம்பி விட்டுவிட்டீர்கள்?" என்று ஏற்பாட்டுக் குழுவிலிருந்த இளைஞரிடம் கேட்டேன். "விடவில்லை அண்ணே, பரிசளிப்பு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோமே" என்றார். பிறகு சற்று யோசித்து, "தீபாவளிக்கு மூன்று நாள்தான் லீவு. கொழும்பிலிருந்து வருகிறோம். ஒரு நாளை விளையாட்டுக்கு ஒதுக்கினால் அதில் உண்மையான மட்ச் ஒன்று ஆட வேண்டாமா?" என்று கேட்டார்.

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் ஆண்டு முழுவதும் நின்று உழைக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய ஒரே ஓய்வு நாளை எப்படிக் கழிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் "உண்மையான மட்ச்" என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. சிறுபிள்ளைகள் விளையாடும்போது அழும் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், தொடும், சிரிக்கும். எந்தக் கணக்கிலும் வராது. பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைப்பது மூத்தவர்களை ஒப்புக்குச் சப்பாணியாக்குவதன்றி வேறென்ன? மரியாதை குறைந்துவிட்டது என்று இதற்காக நான் புலம்பவில்லை. மரியாதை தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவர்களைத் தோற்கடிப்பதற்குத்தான் ஆளில்லை.

அதே தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒருவரை அவருடைய இஸ்தோப்பில் சந்தித்தேன். ஒருகாலத்தில் மணமானவர் அணிக்குப் பந்துவீசியவர். மகன் வெள்ளவத்தையில் வேலை. "வந்தால் என்னப்பா, சாப்பாடு முடிந்ததும் போனோடு உட்கார்ந்துவிடுகிறான். என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை" என்றார். பிறகு, கடைசியாக நடந்த போட்டியில் தாம் மகனை மூன்றாவது பந்தில் வீழ்த்தியதைக் கை அசைத்துக் காட்டினார். அன்றிரவு முழுவதும் அந்தப் பந்து நோபோல் என்று மகன் வாதாடினானாம். தாய் சோறு போட்டுக்கொண்டே இருவரையும் திட்டினாளாம். அவர் சொன்னதில் ஒன்றையும் நான் கூட்டவில்லை.

இப்போது சமதரைக் கதை. மலைநாட்டில் தட்டையான நிலம் எங்கே இருக்கிறது? தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா, விளையாட்டு மைதானம். வேறெங்கும் சரிவுதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து மனிதர்களை மூடிய பிறகு, சமதரை என்றாலே உயிர் பிழைக்கும் தரை என்றாகிவிட்டது. மைதானத்தில் வீடு கட்டலாமே என்று எவரேனும் கேட்டால், விளையாட்டைக் காரணம் காட்டி மறுக்க என் நா எழாது. வீடுதான் முதலில். இருநூறு ஆண்டுகளாக லயத்தில் கிடந்தவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கேட்டு எழுதியவன் நான். ஆயினும் வீட்டுத் திட்டங்களின் வரைபடத்தில் பாதை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பெரும்பாலும் ஒரு சிறு கோயிலும் இருக்கிறது. முப்பது பாகம் நீளத்துக்கு ஒரு துண்டு வெற்றுத்தரையையும் அதில் குறிக்கச் சொல்லி, வரைபடம் கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும். வீடுகள் எழும்பிய பிறகு கேட்டால் இடமிராது. தோட்டத் தலைவர்மார் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பார்களா என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நமது பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். தோட்டத்தில் அதிகம் உழைப்பவர்கள் அவர்கள். இந்தப் போட்டிகளில் அவர்களுக்குக் கிடைத்தது கயிறிழுப்பும் சங்கீதக் கதிரையும்தான். மூத்தவர்களுக்கு முதல் பந்தை விட்டுக்கொடுக்கும் விதியை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் தாயும் மகளும் எதிரெதிர் அணியில் ஆட ஒரு விதியை வகுக்கத் தெரியாதா?

டொரொன்டோ நண்பருக்கு ஒரு விண்ணப்பம். ஊரில் நடக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு ஆண்டுதோறும் கிண்ணத்துக்குப் பணம் அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். இம்முறை ஒரு நிபந்தனையோடு அனுப்புங்கள்: இறுதியாட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் மூத்தவர், இளையவர் ஆட்டம், விதிகளை மைதானத்தில் வைத்தே இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும், ஓட்டங்கள் பலகையில் எழுதப்பட வேண்டும். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். குழுவில் பேசிப் பார்க்கிறேன் என்றார். பந்துவீச்சாளரிடமும் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, ஓடுவதற்கு ஆள் தருவார்களா என்று கேட்டார்.