பத்தில் ஒரு பங்கு

சென்ற ஆடி மாதத்தில், மழை ஓயாத ஒரு நாள், ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். என்னிடம் முன்னர்க் கல்வி பயின்ற பெண்ணொருத்தி அங்கே கொழுந்து பறித்து வாழ்கிறாள்; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தேநீர் தந்து உபசரித்தபின், எங்கிருந்தோ வந்த பழைய சஞ்சிகையொன்றை என் கையில் வைத்தாள். குறைந்த செலவிற் குழந்தைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டறை அமைக்கும் முறையை விளக்கும் கட்டுரை அதில் இருந்தது.

"மொத வரியிலேயே, வீட்டுல ஒரு அறைய ஒதுக்குங்கன்னு போட்டிருக்காங்க சேர். நமக்கு இருக்கிறதே ஒரு அறை. அதப் புள்ளைங்களுக்கு ஒதுக்கிட்டு நாங்க எங்க போய்ப் படுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில், பஸ்ஸிலே அமர்ந்து அவளுடைய கேள்வியை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அக்கட்டுரையை எழுதியவர்மீது குற்றமில்லை. அவர் அறிந்த வீடு வேறு. ஆனால் மலையகத்துக் குழந்தையின் விளையாட்டைப் பற்றி, ஆசிரியர்களாகிய நாம் இதுவரை என்ன சிந்தித்திருக்கிறோம்? அவ்வெண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

லயத்தினுள் புகுந்தறியாத அன்பர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். 10 அடி அகலம், 12 அடி நீளம் என்பது பழைய லயக் காம்பராவின் பொதுவான அளவு. ஆக 120 சதுர அடி. முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பு. அதையும் பல குடும்பங்கள் அடைத்துச் சமையலுக்கோ படுக்கைக்கோ ஆக்கிக்கொண்டன. கட்டில், உடுப்புப் பெட்டி, சுவாமிப் படம், கொழுந்துக் கூடை, படங்கு, மழையில் நனையாமல் உள்ளே எடுத்து வைத்த மிலாறு விறகு ஆகியவற்றுக்கிடையே ஐந்தாறு பேர்.

வெளியே மலை முழுவதும் இருக்கின்றதே, குழந்தைகள் அங்கே விளையாடலாமே என்று சிலர் கேட்கலாம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாச் சரிவுகளை எளிதில் விடுவதில்லை. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலோ, மார்கழி, தை மாதத்து இரவுகளிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு முற்றமும், மட்டக்களப்புக் குழந்தைக்கு மணலும் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கின்றன. எங்கள் குழந்தைக்கோ ஆண்டிலே பல மாதங்கள் அந்த 120 சதுர அடியே உலகம்.

தோட்டங்களிலே குழந்தைகளுக்கென ஓரிடம் இல்லாமற் போகவில்லை. பிள்ளைக் காம்பரா என்று அதற்குப் பெயர். வெள்ளைத் துரைமார் காலத்திலேயே அது தோன்றிவிட்டது. எதற்காகத் தோன்றியது? தாய் காலையிற் பெரட்டுக்கு வந்து, மலைக்குச் சென்று கொழுந்தெடுக்கவேண்டும். இடுப்பிலே குழந்தை இருந்தாற் கை ஓடாது. ஆகவே குழந்தையை விட்டுவைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. சில சேலைத் தொட்டில்களும் ஒரு முதியவளும் போதுமென்று நினைத்தார்கள். தோட்ட நிருவாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதன் பின்வந்த ஆண்டுகளில், அவற்றுட் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்றோர் வந்தனர். சுவர்ச் சித்திரங்களும் விளையாட்டுப் பொருள்களும் வந்தன. மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் அந்நிலையத்தின் கதவு மாலையில் மூடிவிடும். பள்ளி செல்லும் வயது வந்ததும் குழந்தைக்கு அங்கே இடமுமில்லை. பிறகு வீடுதான். வீட்டிலே நாம் அக்குழந்தையிடம் பெரும்பாலும் சொல்வன இரண்டு: "தள்ளி உட்கார்" என்பது ஒன்று, "புத்தகத்தை எடு" என்பது மற்றொன்று.

இதனைப் பிறர்மேற் பழியாகச் சொல்லவில்லை. 1981ஆம் ஆண்டு, ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஒரு தோட்டப் பாடசாலையில் நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். பின்வரிசைச் சிறுவனொருவன் மடியிலே எதையோ வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பறித்துப் பார்த்தேன். மீன் டின்னிலே செய்த லொறி. தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சக்கரங்கள், குடைக்கம்பி அச்சு, பின்புறத்திலே கொழுந்துச் சாக்குகளைப்போல நான்கு துணிப்பொட்டலங்கள். சாரதிக்கு ஆசனம்கூட இருந்தது. அவ்வளவையும் பார்த்தேன், பார்த்துவிட்டு, யன்னல் வழியே கானுக்குள் எறிந்தேன். சக்கரங்கள் நான்கும் ஒரே அளவாய் வெட்டப்பட்டிருந்ததும், அச்சு நேராகச் செல்ல அவன் ஒவ்வொன்றிலும் மையம் கண்டிருந்ததும், கரும்பலகையில் நான் எழுதியிருந்ததைவிடப் பெரிய கணக்கு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அச்சிறுவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கு நான் காரணமென்று சொல்வதற்கில்லை. காரணமில்லை என்று சொல்லவும் என் மனம் இடம் தரவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பாடசாலைகளிலே அறிவியற் பணியில் ஈடுபட்ட அரவிந்த் குப்தா என்னும் பொறியியலாளர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு கேத்திரகணித உருவங்கள் செய்யும் வழியைக் கண்டார். கழிபொருளிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்வதையே வாழ்நாட் பணியாக்கிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அங்கே ஒரு பொறியியலாளர் தேடிக் கண்ட வித்தையை, இங்கே கொழுந்தெடுக்கும் தாயின் மகன் தானாகவே கண்டிருந்தான்.

தமிழ் படித்தவன் அத்தவற்றைச் செய்திருக்கலாகாது. பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அவற்றின் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டுக்கே உரியன. பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் உண்டு. பட்டினப்பாலையிலே மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. கோழியை விரட்ட எறிந்த பொற்குழை அதன் வழியை மறிக்கிறது. அது செல்வர் வீட்டுத் தேர் என விட்டுவிடுவோம். குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலே தும்பிசேர்கீரனார் காட்டும் சிறுவர், தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாதவர்கள். ஆயினும் அதனைக் கையால் இழுத்தே இன்பம் அடைகிறார்கள். இப்பாட்டை வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கிறேன். திணை சொன்னேன், துறை சொன்னேன்; அந்த வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ரோமாபுரியின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. 1907 சனவரி 6ஆம் நாள் அங்கே மரியா மொண்டிசோரி அம்மையாரின் பொறுப்பிற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பிறப்பும் நமது பிள்ளைக் காம்பராவின் பிறப்பைப் போன்றதே. பெற்றோர் வேலைக்குச் சென்றதும் குழந்தைகள் மாடிப்படிகளிலே திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்றுவதற்காகக் கட்டட உரிமையாளர்கள் ஓர் அறையைக் கொடுத்தனர். விலையுயர்ந்த பொம்மைகளைக் குழந்தைகள் நாடாமல், கைக்கு வேலை தரும் பொருள்களையே நாடியதை அம்மையார் அங்கே கண்டு எழுதினார். குழந்தைக்கு எட்டும் உயரத்திற் பொருள். அதைத் தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் உரிமை. அவரது முறையின் உயிர்நாடி இதுவென்பேன். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலத்திலே கொடைக்கானல் மலையிலும் தங்கிப் பணியாற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்று நம் நாட்டிலே பாலர் பாடசாலைக்கே மொண்டிசோரி என்பது பெயராகிவிட்டது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் அப்பியாசக் கொப்பியைத் திணிப்பதும் அப்பெயராலேயே நடக்கிறது.

நிற்க. சஞ்சிகையைப் பார்த்துச் சிரித்த அந்தத் தாய், கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால், அடுப்புப் புகை குறைவாக வரும் மூலையொன்றை எனக்குக் காட்டினாள். மூன்றடிக்கு நான்கடி. குளிர்ந்த சீமெந்துத் தரையிலே சணற் சாக்கை மடித்து விரித்து, அதன்மேற் பழைய கம்பளியைத் தைத்திருந்தாள். கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பழப்பெட்டியொன்று, விளிம்புகள் மழுங்கத் தேய்க்கப்பட்டு, அலுமாரியாகச் சாய்ந்து கிடந்தது. அதனுள்ளே, பட்டையுரித்து விரலளவாய் வெட்டிய மிலாறுக் குச்சிகள்; கழுவிய யோகட் கோப்பைகள்; சிரட்டைகள்; கந்தற் பந்து; துணிப்பொம்மை. கறுப்பு நிறம் பூசிய பலகைத் துண்டொன்று சுவரிலே, சின்னவளின் கைக்கு எட்டும் உயரத்தில். மூத்தவன் எண்ணி விளையாடத் தேயிலைக் கொட்டைகள் ஒரு டப்பாவில். விழுங்கிவிடுவாள் என்பதால் அது மாத்திரம் சின்னவளுக்கு எட்டாத உயரத்தில். கடையில் வாங்கியவை நிறமும் ஆணியும் வெண்கட்டியும்தான். "அரைப்பேர்ச் சம்பளம்கூட ஆகல சேர்" என்றாள்.

பின்பற்ற விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. உரச் சாக்கும், களைநாசினி வந்த கலன்களும் எத்தனைமுறை கழுவினாலும் குழந்தையின் அருகே வரலாகாது. பழைய தேயிலைப் பெட்டியின் தகர விளிம்பும் உள்ளே ஒட்டிய உலோகத் தாளும் ஆபத்தானவை.

எனக்கு வியப்பளித்தவை அப்பொருள்களல்ல. அந்தக் கம்பளியின்மேல் விறகு வைப்பதில்லை, கூடை வைப்பதில்லை, விருந்தினர் வந்தாலும் அதைச் சுருட்டுவதில்லை. இது அவ்வீட்டுச் சட்டம். நான் உட்கார அங்கே சற்று நகர்ந்தபோது, "அது நம்ம எடம்" என்றாள் நான்கு வயது மகள். தாய் அவளை அதட்டவில்லை. எனக்கு முக்காலி தேடித் தந்தாள். 120 சதுர அடியில் 12 சதுர அடி. நம் புலவர்கள் பத்துப் பருவங்களில் மூன்றை விளையாட்டுக்குக் கொடுத்தார்கள். அத்தாய் தன்னிடமிருந்த இடத்திற் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கவுமில்லை.

விளையாடிக்கொண்டிருந்தால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எவ்வாறு சித்தியடைவது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை எள்ளுதற்கு எனக்கு உரிமையில்லை. லயத்தைவிட்டு வெளியே செல்ல நம் மக்கள் அறிந்த வாயில் கல்வியே. நானும் அவ்வாயிலால் வந்தவன். ஆயினும் அன்று நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்தவன் குச்சியிலே இரண்டு சிரட்டைகளைக் கட்டித் தராசாக்கிக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தான். தங்கை கோப்பையிற் கடதாசித் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினாள். "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு" என்றான் அவன். "நம்ம எடத்துல மழையே பெய்யல, ஏன் கழிக்கிறீங்க?" என்று கேட்டாள் அவள். அவனிடம் விடையில்லை. கழித்ததைக் கூட்டிக் கொடுத்தான். எண்ணும், நிறையும், நியாயமும் ஒருங்கே வந்த இப்பாடத்தை எந்தப் பயிற்சிக் கொப்பி கற்பிக்கும்?

மூலை போதும், வீடு வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு எட்டவில்லை. அவை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம், தனது 31ஆவது உறுப்புரையில் ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையென்றே கூறுகிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்றது. புதிய வீடு கட்டும்போது குழந்தையின் பத்தில் ஒரு பங்கு எங்கே என்று கேட்பதும் அந்த உரிமையின்பாற்பட்டதே. ஆனால் வீடு வரும்வரை குழந்தைப் பருவம் காத்திராது. இன்று நான்கு வயதானவளுக்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாளேனும், வீட்டிலே தாமே செய்த விளையாட்டுப் பொருளை மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு முடியுங்கள். பெற்றோர் கூட்டத்திலே புள்ளிகளைச் சொல்லும்போது, பிள்ளைக்கு வீட்டில் எந்த மூலை என்றும் விசாரியுங்கள். பாட நேரத்தில் மடியிலிருந்து எதையேனும் பறிக்க நேர்ந்தால், மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்று அந்தக் கானில் தண்ணீர் அதிகம் ஓடவில்லை. மாலையில் இறங்கித் தேடியிருந்தால் லொறி கிடைத்திருக்கும். நான் இறங்கவில்லை.