விளையாட்டும் வெப்ப அளவும்

கணிப்பொறி விளையாட்டை வீண்பொழுது என ஒதுக்குவோர் பலர். ஆயினும், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-இல் இயங்கத் தொடங்கிய சாகா-220 மீக்கணிப்பொறியின் ஆற்றலுக்கு ஆதாரம், விளையாட்டுப் படங்களுக்கென வளர்ந்த வரைகலைச் செயலிகளின் வழிவந்த 400 செயலிகளே. பெரிதாயினும் சிறிதாயினும் நியதி ஒன்றே: செயலி கடுமையாக உழைக்குங்கால் வெப்பம் மிகும், எல்லையை அணுகின், தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டில் படம் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிக் கணிப்பொறியை மந்தமெனக் கழிக்குமுன், ஆசிரியர் அதில் ஒரு விளையாட்டை அரைமணி இயக்கி, வெப்பநிலை, செயலியின் வேகம், நொடிக்குத் தோன்றும் படங்கள் ஆகியவற்றை மாணாக்கர் நிமிடந்தோறும் குறிக்கச் செய்வது நலம். விசிறியின் தூசியை அகற்றி மீண்டும் அளந்தால், குறை பொறியிலா பராமரிப்பிலா என்பது பெரும்பாலும் புலனாகும். அளந்து பாராமல் கழிப்பது பொதுப்பணத்துக்குக் கேடு.