பட்டறைக்கு இறங்கி வரட்டும் காற்றாலை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பிரயாணம் செய்பவர்கள், தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து சீறிவரும் ஆனி, ஆடி மாதங்களில், முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலை நெருங்கும்போதே, சாலையின் இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகளைக் கண்டு சற்று நேரம் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். அவ்வட்டாரத்தார் அவற்றைக் 'காத்தாடி' என்றே அழைக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைத் திறனாக விருத்தியடைந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலோ, 2016-இல், 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. இத்தனை பெரிய காரியங்கள் நடந்தேறிய பூமியில், அந்தக் கோபுரங்களின் அடியில் ஆடு மேய்த்தவரின் மகன், அவற்றின் மேலேறிப் பழுதுபார்க்கும் வித்தையைத் தன் ஊருக்கு அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திலேயே கற்றுத்தேற வழி செய்திருக்கிறோமா என்பதுதான் என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி.

காற்றையும் வெயிலையும் நம்பிய இத்தகைய தொழிலைப் 'பசுமை வேலை' என்று சொல்லக் கேட்டதும், ஏதோ முற்றிலும் நூதனமான உத்தியோகம் என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் நாம் அறிந்த எலக்ட்ரீஷியன், பிட்டர், வெல்டர் ஆகியோரின் வேலையே. வேலை நடக்கும் இடமும், கையாளும் மின்சாரத்தின் சுபாவமுமே மாறியிருக்கின்றன; அந்த மாறுதலை அறியாதவனுக்குப் பிராணாபத்தே நேரலாம்.

சென்ற கோடையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சூரியப் பலகைகளைச் சரிபார்க்க வந்த இளைஞன், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் எலக்ட்ரீஷியன் பிரிவில் படித்துத் தேறியவன், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வயர்கள் சேரும் இணைப்பைப் பிடுங்கினான். நீலநிறத் தீ நாக்குப்போல நீண்டு அவன் உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. கையைத் தண்ணீரில் நனைத்தபடியே, "வீட்டுல பிளக்கைப் பிடுங்குற மாதிரிதானே சார்னு நினைச்சேன்" என்றான். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை சூனியத்தைத் தொட்டு மீள்வதால், பிளக்கைப் பிடுங்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடுகிறது; பலகையிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்துக்கு அத்தகைய ஓய்வு கிடையாதாகையால் பொறி அணையாமல் நீளுகிறது. பலகை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 வோல்ட் என்றால், வரிசையாக இணைத்த பத்துப் பலகைகளில் 400 வோல்ட் நிற்கும். வெயில் உள்ளவரை அதை நிறுத்தும் சுவிட்சு ஆகாயத்தில் இல்லை. அவனுடைய பாடப்புத்தகத்தில் சூரியப் பலகையைப் பற்றி எழுதியிருந்ததாம். பட்டறையில் பலகை இருந்ததில்லை. அவனை அஜாக்கிரதைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் என்ற இலட்சியத்தோடு 2024-இல் மத்திய அரசு திட்டம் தொடங்கியிருக்கிறதே, அந்தக் கூரைகளில் ஏறப்போகிறவர்களும் இவனைப் போன்றவர்களே. மூன்று மாதப் பயிற்சியில் ஆட்களைத் தயாரித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் 1945-இல் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமாயிருந்த ஜி.டி. நாயுடு, நீண்ட பொறியியல் படிப்பில் மாணாக்கரின் காலம் விரயமாகிறது என்ற அபிப்பிராயம் உடையவர். படிப்பைக் குறுக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லாவிடினும், இயந்திரத்தோடு பழகாத கல்வி கல்வியாகாது என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை.

அதற்குரிய சந்தர்ப்பம் இப்போது தானாகவே வாய்த்திருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன் நிறுவிய 225, 250 கிலோவாட் சிறு காற்றாலைகள் முதுமை எய்திவிட்டன. அவற்றை மாற்றியமைப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. கழற்றி இறக்கப்படும் இயந்திரங்கள் முழுவதும் பழைய இரும்பு வியாபாரியின் தராசுக்குப் போகவேண்டுமா? நாகர்கோவில் கோணத்திலும் திருநெல்வேலி பேட்டையிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு, கியர் பாக்ஸும் ஜெனரேட்டரும் பிரேக்கும் அடங்கிய உச்சிப் பெட்டி ஒன்றையாவது கொடுத்து, தரையில் நிறுத்தி வைத்தால், வடிந்த எண்ணெயை விரலிடையே தேய்த்து உலோகத்துகள் நெருடுகிறதா என்று பார்க்கவும், ஒவ்வொரு போல்ட்டையும் உரிய அளவுக்கு முறுக்கவும், பாதுகாப்புப் பெல்ட் அணிந்து ஏணியில் ஏறவும், மேலே மயங்கி விழுந்த தோழனைக் கயிற்றில் இறக்கவும் மாணாக்கன் நூறு முறை பழகலாம். இப்படித் தரையில் பழகியவனைப் பிறகு உண்மையான காற்றாலைக்கும் அனுப்பவேண்டும்; ஆனால் காற்றுக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்த உரிமையாளர் எவரும் சம்மதிக்க மாட்டார். பெரிய பராமரிப்பு வேலைகளெல்லாம் காற்று ஓய்ந்த மாதங்களில்தான் நடக்கின்றன. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் மாணாக்கரை அனுப்பும் காலத்தை அந்த மாதங்களுக்கு ஒத்தபடி அமைப்பதில் எந்தச் சிரமமும் இருக்க நியாயமில்லை.

சூரியப் பலகைகளைப் பதித்து முடித்ததும் ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள். நிலைத்து நிற்கும் ஜீவனம் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஆகவே பயிற்சியும் பராமரிப்பையே பிரதானமாகக் கொள்ளவேண்டும். பெண்களுக்குப் பலகை துடைக்கும் கூலி வேலையைக் கொடுத்துவிட்டு, அதையும் பசுமை வேலைவாய்ப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வது எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது. இன்வெர்ட்டரில் தோன்றும் பிழையைப் படித்துக் காரணம் காண்பதற்கு மீசை தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இருபது, இருபத்தைந்து வருஷம் கோபுரம் ஏறி இறங்கி, இப்போது முழங்கால் இடம் கொடாமல் வீட்டில் அமர்ந்துவிட்ட கைதேர்ந்த தொழிலாளர்கள் பணகுடியிலும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் இருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் உரிய சான்றிதழ் இல்லையென்பதற்காக வாசலிலேயே நிறுத்திவிடாமல், வாரத்தில் இரண்டு நாட்களாவது, தக்க சம்பளத்தோடு, அந்தத் தரையில் நிற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க அரசு உத்தரவிடவேண்டும்.