மண் சுவருக்கு டயர் வார்

இயற்கை வேளாண்மைக்கு வந்த பலர் இப்போது மண் வீட்டைப் பற்றியும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் டயர், பிளாஸ்டிக் என்று யாராவது வாயெடுத்தால் "ஐயோ, அது விஷமாச்சே" என்று மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரு நாட்டு ஏழைகளின் வீடுகளை வைத்தே சொல்கிறேன்.

வைக்கோல் கலந்து மிதித்த மண்ணை வெயிலில் காயவைத்த பச்சைக்கல்தான் அவர்களுடைய சுவர். 2007 ஆகஸ்ட் 15 அன்று பிஸ்கோ பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிந்தவற்றில் பெரும்பாலானவை பச்சைக்கல் வீடுகள். "மண்ணுன்னா அப்படித்தான், சிமெண்டுக்கு மாறு" என்பது சுலபமான பேச்சு. மாறக் காசு?

மண் பாரம் தாங்கும், இழுவை தாங்காது. நிலம் ஆடினால் மூலையில் பிளந்து சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே விழும். ஆக, வைக்கோல் கட்டுக்குக் கயிறு போல, சுவருக்கும் ஒரு கட்டு வேண்டும். லிமாவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் 1990களில் சில பழைய வீடுகளுக்குக் கம்பிவலை அடித்து சிமெண்ட் பூசினார்கள். 2001 நிலநடுக்கத்தில் அவை நின்றன, அக்கம்பக்கத்து வீடுகள் சரிந்தன. ஆனால் அந்தச் செலவு ஏழைக்குக் கட்டுப்படியாகாது.

நியூசிலாந்தின் ஆண்ட்ரூ சார்ல்சன் பழைய கார் டயரை எடுத்தார். பக்கவாட்டை நீக்கி, தரையில் உருளும் பாகத்தைச் சுருளாக அறுத்தால் நீள வார் கிடைக்கும். ரேடியல் டயரில் எஃகு இழையும் உண்டு. சுவரில் துளை போட்டு, கிடையாகவும் நெடுக்காகவும் வாரைச் சுற்றி, ஆணியால் இணைக்கிறார்கள். லிமாவில் ஆட்டிப் பார்த்த சோதனையிலும் வீடு தாங்கியது. விரிசல் விடத்தான் செய்யும். விரிந்த சுவர் விழாமல் பிடித்து நிற்கும், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட அவகாசம் கிடைக்கும். அதுதான் கணக்கு.

ரப்பர் மண்ணுக்கு ஆகாதுதான். அதை வயலில் புதைக்க யாரும் சொல்லவில்லையே! எரித்துக் கரும்புகையாக ஊருக்குள் விடுவதைவிட, மண் பூச்சுக்குள் வெயில் படாமல் இருப்பது மேல். டயர் செருப்பு போட்டு நடந்தவர்கள்தானே நாம்.

எனக்குள்ள கவலை வேறு. டயர் சும்மா கிடைக்கும், அதை அறுக்கவும் சுவரில் துளை போடவும் ஆள்கூலி சும்மா வராது. மண் வீட்டுப் பயிற்சி நடத்துபவர்கள் அழகான பூச்சுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். மூலைக் கட்டுக்கும் அரை நாள் ஒதுக்கட்டும், உள்ளூர்க் கொத்தனாரைக் கூலி கொடுத்தே உட்காரவைக்கட்டும்.