பழகிய இடம் என்று நம்பி ஏறாதீர்!

தோட்டம் மூடப்பட்டால் ஆட்கள் போய்விடுகிறார்கள், கட்டடங்கள் போவதில்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோதும், பின்னர் அந்த நிலத்தையும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்றபோதும், பல தோட்டங்களில் பழைய ரப்பர் ஸ்டோர், புகைக்கூடம், துரை பங்களா, ஆயா கொட்டகை, லயங்கள் எல்லாம் அப்படியே விடப்பட்டன. கதவில்லை, காவலில்லை, கேட்பாரில்லை. லாலானும் கொடியும் மூடிக் கிடக்கும் அந்தக் கட்டடங்களைப் பற்றித்தான் பாட்டாளித் தோழர்களிடம் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

அங்கே யார் போகிறார்கள்? கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக்கு வரும் குடும்பங்கள், பிறந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகின்றன. இளைஞர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுக்க பங்களா மாடி ஏறுகிறார்கள். தகரமும் பழைய இரும்பும் கழற்றி விற்கச் சிலர் கூரைமேல் ஏறுகிறார்கள். மூன்று பேரையும் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான் வரும்: "நமக்குத் தெரியாத இடமா? ஒண்ணும் ஆகாது!"

இந்த "ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்பே ஆபத்து என்கிறோம் நாம்.

நமக்குத் தெரிந்தது ஆள் குடியிருந்த காலத்துக் கட்டடம். அன்று ஓடு உடைந்தால் மாற்றினார்கள். பலகை உளுத்தால் தோட்டத்து ஆசாரி வந்து அடித்துக் கொடுத்தார். அந்தக் கவனிப்பு நின்று எத்தனை வருடம் ஆயிற்று? கரையான் உத்திரத்தை உள்ளே இருந்து தின்கிறது. மேல்பூச்சு மட்டும் முழுசாகத் தெரிகிறது. மழை ஒழுகிய இடத்தில் மாடிப் பலகை மக்கிப் போகிறது. ஆணி துருப்பிடித்துப் படிக்கட்டின் பிடி விட்டுப் போகிறது. பார்வைக்குப் பழைய பங்களாதான். பலத்தில் அது வேறு கட்டடம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் மோசம். பாசி படிந்து கல் மாதிரி தோன்றும். ஆனால் ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல், படீரென்று உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும். உடையும்போது கிளம்பும் தூசியோ நுரையீரலுக்குப் பரம விரோதி.

கீழேதான் நிற்கிறோம் என்று தைரியம் கொள்ளவும் முடியாது. பால் உறையவைத்த தொட்டி, கழிவுநீர்க் குழி, கக்கூஸ் தொட்டி, பாழுங்கிணறு எல்லாவற்றின் மேலும் இன்று கொடி படர்ந்திருக்கும். மூடியிருந்தாலும் அந்த மூடி உளுத்துப் போயிருக்கும். புகைக்கூடத்தில் புகை மேலே ஏறுவதற்காகவே தளத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியுமா?

"பத்தடிதானே, குதித்தால் போச்சு" என்பார் உண்டு. பத்தடியிலிருந்து விழுபவர் ஒரு வினாடிக்குள் தரையில் மோதுகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். தலையோ முதுகெலும்போ சிமெண்டுத் தரையில் அந்த வேகத்தில் பட்டால், குடும்பத்தைத் தாங்கியவரைக் குடும்பம் தாங்க வேண்டிவரும்.

பழசைப் பார்க்கவே கூடாதா என்று கேட்கலாம். பார்க்கலாம், பராமரிப்பு உள்ள இடத்தில் பார்க்கலாம். பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டை 1915-இல் தொடங்கப்பட்டு, 1926-இல் வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததும் அரைகுறையாக நின்ற கட்டடம். தமிழகத்திலிருந்து வந்த நம்மவரின் உழைப்பும் அதில் உண்டு. பல காலம் காடு மண்டிக் கிடந்த அது, பின்னர் செப்பனிடப்பட்டுச் சுற்றுலாத் தலமாயிற்று. நமது தோட்டத்து பங்களாவை யார் செப்பனிட்டார்கள்?

ஆகவே, பிறந்த லயத்தை வெளியே நின்று காட்டுங்கள். மாடியும் கூரையும் வேண்டவே வேண்டாம். நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். தனியாகவோ, பொழுது சாய்ந்த பிறகோ போகாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று பின்னாலேயே நடக்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைப்பதும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடுவதும் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாமல் கிடக்கவிட்டு, 999-ஐ அழைத்து, தோட்டத்தின் பெயரையும் வரும் வழியையும் சரியாகச் சொல்லுங்கள். அவர் குழியில் விழுந்திருந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். உள்ளே நச்சுக்காற்று இருக்கலாம்.

வேலைக்கு இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "பழைய ஸ்டோர் தகரத்தைக் கழற்று" என்று மேலே ஏறச் சொன்னால், ஏணியும் சாரமும் பாதுகாப்பு வாரும் எங்கே என்று கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு அது உரிமை தருகிறது. "வேலை போயிடுமோ" என்று பயந்து ஏறிய காலம் போதும்.

நிலத்தின் சொந்தக்காரர்களையும் நாம் விடுவதற்கில்லை. விற்று லாபம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கிணற்றை மூடவும் ஒரு படிக்கட்டை அடைக்கவும் தெரியாதா? பழைய கட்டடம் ஆபத்தாக நின்றால் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ எழுதுங்கள். கோயில் கமிட்டியும் தொழிற்சங்கக் கிளையும் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்த மனுவுக்குப் பலம் கூடும். திருவிழாவுக்கு முன்பே கிணற்றடியிலும் படிக்கட்டிலும் கயிறு கட்டி ஒரு பலகை தொங்கவிட நமது இளைஞர்களால் முடியாதா என்ன?

நமது பாட்டன்மார் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அந்த லயங்களில் நம்மை வளர்த்தார்கள். அவர்களை நினைக்கப் போகிற இடத்தில் நமது பிள்ளைகள் கை கால் முறிந்து கிடக்க வேண்டாம். கும்பிட்டுவிட்டு, வெளியே நின்று பார்த்துவிட்டு, போன கூட்டம் முழுசாக வீடு திரும்பட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.