கந்தலின் நிறம்

பாலராமபுரம் சாலியர் தெருவில் தறியிலிருந்து இறங்கும் வேட்டிக்குப் பருத்தியின் வெளிர் நிறமே நிறம். சாயமும் சரிகையும் கரையோடு சரி. பாலராம வர்மா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் ஊர் இது. டிசம்பர் பிறந்தால் இந்தப் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கும். அவற்றில் ஒட்டும் மெல்லிய வண்ணத்தாள், ஆலையில் மரக்கூழிலிருந்து வருவது. ஒரு தூறல் போதும், சாயம் கையோடு வந்துவிடும்.

சாயம் போகாத வண்ணக் காகிதமும் உண்டு. அதற்கு மூலப்பொருள் மரமல்ல, கந்தல்.

இந்தக் கலைக்கு மறுவாழ்வு தந்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் மூலம் வார்தாவில் கைக்காகிதத் தொழிலை வளர்த்தார். பரம்பரைக் காகிதக்காரர்களான காக்சிகள் வாழும் ஜெய்ப்பூர் அருகிலுள்ள சாங்கானேரில், கைக்காகித ஆய்வு நிறுவனம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செய்முறை எளியது. பனியன் கம்பெனிகள் கழிக்கும் பருத்தி வெட்டுத்துண்டுகளைத் தரம் பிரித்து, பொடியாக நறுக்கி, தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குவார்கள். சல்லடைச் சட்டத்தால் அள்ளினால் நீர் வடிந்து ஒரு தாள் தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, கொடியில் உலர்த்த வேண்டும். நிறம் வேண்டுமானால் கூழிலேயே சாயம் கலப்பார்கள். அதைவிடச் சிக்கனமான வழி, துண்டுகளை நிறவாரியாகப் பிரிப்பது. சிவப்புத் துண்டிலிருந்து சிவப்புக் காகிதம். சாயம் மிச்சம், சாயக்கழிவும் மிச்சம்.

இந்தக் கடைசி மிச்சம் சின்ன விஷயமல்ல. நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட வேண்டிவந்தது. அத்தனை சேதத்துக்கிடையே ஏற்றிய நிறத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, காகிதத்துக்கென்று புதிதாகச் சாயம் காய்ச்சுவது என்ன கணக்கு?

ஒரு சிக்கல் உண்டு. பாலியெஸ்டரோ லைக்ராவோ கலந்த துணி கூழாகாது. திரிதிரியாக நின்று தாளைக் கெடுக்கும். கலப்புத் துணி பெருகப் பெருக, காகிதக்காரருக்குக் கிடைக்கும் நல்ல கந்தல் குறைகிறது. பருத்தி வெட்டுத்துண்டுகளைத் தையற்கூடத்திலேயே தனியாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொழில் பிழைக்கும். அதற்கு இரண்டு கோணிப்பைகள் போதும்.