மதகுச் சாவி யார் கையில்?

கணினியை இயக்கும் லினக்ஸ், 1991 முதல் பல நாட்டு உழைப்பாளிகள் கூடி வளர்த்த பொதுச் சொத்து. அதில் ஒரு வகையான சென்ட்ஓஎஸ்ஸை எவரும் காசின்றிப் பயன்படுத்தி வந்தனர். ஆனால் நிர்வாகம், 2014 முதல் ரெட் ஹாட் கம்பெனியின் பிடியில்.

2019-ல் அமெரிக்க ஏகபோகமான ஐ.பி.எம். அக்கம்பெனியை 3,400 கோடி டாலருக்கு விழுங்கியது. 2029 வரை பராமரிக்கப்படும் என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 முடிவோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது!

உழைப்பாளிகள் கைகட்டி நிற்கவில்லை. திறந்திருந்த நிரலைக் கொண்டே 2021-ல் ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் இரண்டையும் படைத்தனர். 2023-ல் ரெட் ஹாட் தன் நிரலை வாடிக்கையாளருக்கு மட்டும் என்று சுருக்கியது. அதற்கும் அவர்கள் பணியவில்லை.

ஏரி ஊருக்குப் பொது. மதகுச் சாவி மிராசுதார் கையில் என்றால் வயலுக்குத் தண்ணீர் வருமா? பொதுச் சொத்தின் நிர்வாகமும் உழைப்பவர் கைக்கு வரவேண்டும் என்கிறோம் நாம்.